ராக்கெட் தளத்துக்குப் பெயர் தந்தவர்... பழவேற்காட்டு மீனவர்களுக்கு என்ன தந்தார்? - சதீஷ் தவானின் கதை!

ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் கிளம்புற நாள்ல நீங்க என்ன பண்ணுவீங்க? மொபைல்ல லைவ் ஓப்பன் பண்ணி கவுன்ட் டவுன் பார்ப்பீங்க. நல்லபடியா மேலே போனதும் ஒரு ஸ்டேட்டஸ் போடுவீங்க. வட சென்னைப் பக்கம் வீடு இருந்தா, மொட்டை மாடிக்கு ஓடி வானத்துல அந்த நெருப்புப் புள்ளியைத் தேடுவீங்க.

அதே நேரத்துல பழவேற்காட்டு மீனவர்களோட படகுகள் கரையில நிக்கும். ராக்கெட் ஏவும்போது அந்தப் பகுதிக் கடலுக்குள் போகக் கூடாது என்று மீன்வளத் துறையிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்துவிடும். நாட்டுக்கு அது சாதனை நாள். கூனங்குப்பத்திலும் அரங்கம்குப்பத்திலும் தினக்கூலி மாதிரி கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது வருமானம் இல்லாத நாள்.

அந்த ஏவுதளத்தின் பெயர், சதீஷ் தவான் விண்வெளி மையம். செய்தியில நூறு தடவை கேட்டிருப்பீங்க. அந்த சதீஷ் தவான் யார்? ஆராய்ச்சி நிலையம்னா அது யாருக்காக வேலை செய்யணும்னு வாழ்நாள் முழுக்க யோசித்த மனிதர். அவர் கதையைப் படித்தால், கரையில் நிற்கும் படகுகளுக்கும் மேலே போகும் ராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற கணக்கு கொஞ்சம் புரியும்.

தீவும் ஏரியும்

முதல்ல மேப்பை மனசுல போட்டுக்கோங்க. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் விரிந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் தீவு. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா.

1969-ல் விக்ரம் சாராபாயின் குழு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ராக்கெட் விட்டால் அந்தச் சுழற்சியின் வேகமும் இலவசமாகச் சேர்ந்துகொள்ளும். எரிந்து முடிந்த பாகங்கள் ஊர் மேல் விழாமல் கடலில் விழும். தீவில் மக்கள்தொகையும் குறைவு.

குறைவுதான், ஆனா ஆளே இல்லாத இடம் இல்லை. யானாதிப் பழங்குடியினருக்கு அந்தத் தீவுதான் வீடு. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது அவர்களின் வாழ்க்கை தலைகீழாக மாறியது. பாகங்கள் கடலில்தான் விழும் என்பது விஞ்ஞானிக்கு நிம்மதி. ஆனால், அந்தக் கடல்தான் மீனவரின் வயல். இன்றைக்கும் படகுகள் கரையில் நிற்பதற்கான காரணம் இதுதான்.

லாகூரில் 3 பட்டங்கள்

சதீஷ் தவான் பிறந்தது 1920 செப்டம்பர் 25, ஸ்ரீநகரில். படித்தது லாகூரில். அவர் படித்த வரிசையைக் கேட்டா ஆச்சர்யப்படுவீங்க. கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளங்கலை, அப்புறம் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை, அதற்கப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். `இவ்ளோ கன்ஃப்யூஷனா'ன்னு இன்னிக்கு நம்ம சொந்தக்காரங்க கேட்டிருப்பாங்க. ஆனால், கவிதையும் கணக்கும் இயந்திரமும் ஒரே மண்டைக்குள் இருந்ததுதான் பின்னாளில் அவரை வித்தியாசமான நிர்வாகியாக்கியது.

பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை. 1946-ல் அமெரிக்கா. அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே நாடு இரண்டாகப் பிரிந்தது. படித்த லாகூர், பாகிஸ்தானுக்குப் போனது. அவர் அப்பா அகதிகளின் மறுவாழ்வுப் பணியைக் கவனித்த அரசு அதிகாரி. வீட்டை இழந்து வருகிறவர்களின் பிரச்னை, தவான் குடும்பத்துக்குள்ளேயே பேசப்பட்ட விஷயம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதுகலை, கால்டெக்கில் 1951-ல் முனைவர் பட்டம். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? வேகமாக ஓடும் காற்று, ஒரு பரப்பை எவ்வளவு உரசுகிறது என்பதை நேரடியாக அளப்பது. விமானத்தின் எரிபொருள் செலவுக்கு அந்த உரசல் ஒரு முக்கியக் காரணம். அவர் செய்த அளவீடுகள், இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் வரை போயின.

அமெரிக்காவிலேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால், அதே 1951-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்டார். அதிவேகக் காற்றோட்டத்தை ஆராய `விண்ட் டனல்' வேண்டும். விமானத்தின் மாதிரியை உள்ளே வைத்து, காற்றை அதன் மேல் பாய்ச்சிப் பார்க்கும் குழாய் அது. வெளிநாட்டிலிருந்து பெரிதாக ஒன்று வரும் என்று தவான் காத்திருக்கவில்லை. 1 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்ற அளவில், ஒலியைவிட வேகமான காற்றுக்கான சின்ன விண்ட் டனலைக் கட்டினார். உள்ளங்கை அளவில் ஆரம்பித்த அந்த அனுபவம், பின்னாளில் நாட்டின் பெரிய விண்ட் டனல்கள் உருவாவதற்கு அடித்தளமானது.

இன்ஜினீயர்கள் நடுவில் ஓர் அடுப்பு

1962-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்போது அவர் 40-களின் தொடக்கத்தில்தான் இருந்தார். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

விமானத் துறைக்காரர் தலைவரானால் விமானத் துறைதான் வளரும்னு நினைப்பீங்க. அவர் செய்தது வேற. 1973-ல் மாதவ் காட்கில் என்ற இளம் சூழலியலாளரையும், பருவமழையை ஆராய்ந்துகொண்டிருந்த சுலோச்சனா காட்கிலையும் அங்கே கொண்டுவந்தார். காடும் மழையும் இன்ஜினீயரிங்குக்குப் பெயர்போன வளாகத்துக்குள் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய விவாதங்களில் நீங்க அடிக்கடி கேள்விப்படும் அதே மாதவ் காட்கில்தான்.

அடுத்த ஆண்டு, 1974. வேதியியல் பேராசிரியர் அமுல்யா ரெட்டி, `அஸ்த்ரா' என்ற பிரிவை அதே வளாகத்தில் தொடங்கினார். அறிவியலை கிராமத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. குறைந்த விறகில் எரிந்து, புகையும் குறைவாக வரும் அடுப்பு, சாண எரிவாயு, மண்ணை அழுத்திச் செய்யும் செங்கல்... இதெல்லாம் அங்கே ஆராய்ச்சித் தலைப்புகள். இதைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால், புகையில் கண் எரிய சமைக்கிற ஒரு பெண்ணின் பிரச்னையும் ராக்கெட் இன்ஜினின் பிரச்னையும் ஒரே அறிவியலைத்தான் கேட்கின்றன. இரண்டுமே எரிபொருளை முழுசா எரிக்கும் கணக்குதான். இயக்குநர் தவான் அந்தப் பிரிவுக்கு இடம் கொடுத்தார். ஓர் ஆராய்ச்சி நிலையம் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது என்பதிலேயே அது யாருக்கானது என்று தெரிந்துவிடும்.

பாதியில் வந்த அழைப்பு

1971 டிசம்பர் 30. விக்ரம் சாராபாய் திடீரென்று இறந்துபோனார். அந்த அக்டோபரில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சிறிய ராக்கெட் ஏவப்பட்டிருந்தது. தவான் அப்போது விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்தின் தலைமையை ஏற்கும்படி பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து அழைப்பு.

இப்படி ஒரு அழைப்பு வந்தா அடுத்த ஃப்ளைட்ல ஏறியிருப்போம், இல்லையா? தவான் 2 நிபந்தனைகள் வைத்தார். விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியையும் அவர் விடமாட்டார். கால்டெக்கில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டே வந்தார். அதுவரை எம்.ஜி.கே.மேனன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1972 முதல் 1984 வரை 12 ஆண்டுகள் இஸ்ரோ, தவானின் தலைமையில் இருந்தது.

ராக்கெட் விடுவது பெருமைக்காக மட்டும் இருக்கக் கூடாது என்பது சாராபாய் போட்ட பாதை. அந்தக் கனவை நிறுவனமாகவும் நடைமுறையாகவும் மாற்றியது தவான். 1975 ஆகஸ்ட்டில் தொடங்கி ஒரு வருடம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் என்று நிகழ்ச்சிகள். மின்சாரமே சரியாக இல்லாத ஊர்களில் மக்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையைப் புயல் தாக்கியது. கிருஷ்ணா டெல்டாவின் திவிசீமாவை அலை விழுங்கியது. இறந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். எச்சரிக்கை உரிய நேரத்தில் கடைசிக் குப்பம் வரை போய்ச் சேர்ந்திருந்தால், பல உயிர்கள் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்தில் திட்டமிடப்பட்ட இன்சாட் செயற்கைக்கோள்களில் டி.வி, தொலைபேசி ஆகியவற்றோடு வானிலைக் கேமராவும் ஒரே உடலில் பொருத்தப்பட்டது. மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது அப்போது உலகில் அபூர்வம். 1983-ல் இன்சாட்-1பி வேலையைத் தொடங்கியதும், வங்கக் கடலில் உருவாகும் புயலை வானத்திலிருந்து நாமே தொடர்ந்து பார்க்க முடிந்தது. பின்னர், கடலோர ஊர்களுக்கு செயற்கைக்கோள் வழியாகவே புயல் எச்சரிக்கை அனுப்பும் கருவிகளும் வந்தன. இன்னிக்கு உங்க மொபைலுக்கு வர்ற புயல் அலர்ட்டின் தாத்தா அதுதான்.

கடலில் விழுந்த ராக்கெட்

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திட்ட இயக்குநர், ராமேஸ்வரத்துக்காரரான ஏ.பி.ஜே.அப்துல் கலாம். முதல் கட்டம் சரியாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. 5 நிமிடம் சொச்சத்தில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். தவான், கலாமை முன்னால் தள்ளவில்லை. அவரே போய் உட்கார்ந்து, தோல்வியின் பொறுப்பைத் தன்மேல் எடுத்துக்கொண்டார். தன் குழுவின் மேல் நம்பிக்கை இருக்கிறது, ஒரு வருடத்தில் ஜெயிப்பார்கள் என்றார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் போகச் சொன்னது கலாமை. இதைக் கலாமே மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார்.

நல்ல பாஸ் கதையாக இது வாட்ஸ்அப்பில் சுத்துது. ஆனா, அதில் இன்னொரு பாடமும் இருக்கு. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் தோல்வி வந்தால் மறைக்கக் கூடாது. தலைவர் மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இஸ்ரோவில் ஒவ்வொரு திட்டத்தையும் வெளியாட்களையும் வைத்து அலசிப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது தவான் காலத்தில்தான்.

மேலே இருந்து மீன் தெரியுமா?

இப்போ மறுபடி பழவேற்காட்டுக்கு வருவோம். அனுபவமுள்ள மீனவர், கடலின் நிறத்தைப் பார்ப்பார். தண்ணீர் எங்கே கலங்கியிருக்கு, எங்கே பச்சையா இருக்கு, பறவைகள் எங்கே வட்டமிடுதுன்னு கவனித்து வலையை வீசுவார். இது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு.

செயற்கைக்கோள் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்களில் பச்சையம் இருக்கும். அவை பெருகும் இடத்தில் தண்ணீரின் நிறம் மாறும். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே கூடும். அவற்றைத் தின்ன சின்ன மீன்கள். சின்ன மீன்களைத் தேடிப் பெரிய மீன்கள். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் கோட்டிலும் இப்படிக் கூட்டம் சேரும். நிறத்தையும் வெப்பத்தையும் மேலிருந்து அளந்தால், மீன் இருக்கக்கூடிய இடத்தை ஊகிக்கலாம்.

தவான் காலத்தில் ஏவப்பட்ட பாஸ்கரா-1 (1979), பாஸ்கரா-2 (1981) ஆகிய செயற்கைக்கோள்கள் நிலத்தையும் கடலையும் பார்க்கப் பழகிய முதல் கண்கள். அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு, 1988-ல் ஐ.ஆர்.எஸ்-1ஏ வந்தது. 1999 மே 26-ல் கடலுக்கென்றே ஓஷன்சாட்-1, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து பி.எஸ்.எல்.வி ராக்கெட்டில் கிளம்பியது. அதே ஆண்டு ஹைதராபாத்தில் `இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் மையமும் தொடங்கப்பட்டது. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் மீன் கிடைக்கலாம் என்ற தகவலை அது தமிழிலும் தருகிறது. அலை உயரம், காற்று வேகம் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவர்களுக்கான மொபைல் செயலி, இந்தத் தகவல்களைப் படகு வரை கொண்டுபோகிறது. தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சம். டீசல் மிச்சமானால் அன்றைய வருமானம் மிஞ்சும்.

ஏரி கேட்கும் கேள்வி

எல்லாம் சுபம்னு இங்கேயே முடிச்சுடலாம். ஆனா, தவானைப் பற்றி எழுதிட்டு அப்படி முடிச்சா நியாயமா இருக்காது.

செயற்கைக்கோள் சொல்லும் இடம் பல சமயம் ஆழ்கடலில் இருக்கிறது. சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர் அவ்வளவு தூரம் போக முடியாது. வானம் மேகமூட்டமாக இருந்தால் அந்தத் தகவலும் வராது. ஏரிக்குள் `பாடு' முறையில், இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறைவைத்து மீன்பிடிப்பவர்களுக்கு அந்த வரைபடத்தால் பயன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இல்லை.

அவர்கள் கவலை வேறு, முகத்துவாரம் அடைபடுவது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளரும். மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் குஞ்சும் வராது, படகும் வெளியே போகாது. மீனவர்களே பணம் போட்டு மணலைத் தோண்டிய காலங்கள் உண்டு. நிரந்தரத் தீர்வாக, சுமார் 27 கோடி ரூபாயில் முகத்துவாரத்தில் தடுப்புச் சுவர்கள் கட்டும் பணியைத் தமிழக அரசு எடுத்தது. மணல் எங்கிருந்து வருகிறது, ஒரு பக்கம் சுவர் கட்டினால் இன்னொரு பக்கம் எந்தக் குப்பத்தைக் கடல் அரிக்கும், துறைமுகங்கள் வந்ததால் நீரோட்டம் எப்படி மாறியது... இவை எல்லாமே அறிவியல் கேள்விகள்தான். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் நடுவே போகும் சாலை, தண்ணீரின் போக்கை எப்படி மாற்றியது என்பதும் அதே பட்டியலில் வரும்.

ஏவுதல் நாட்களில் இழக்கும் வருமானத்துக்கு ஈடு கேட்கிறார்கள் மீனவர்கள். பாதுகாப்புக்காகக் கடலை மூடுவது சரிதான். ஆனால், அந்தப் பாதுகாப்பின் செலவை யார் சுமப்பது? நாட்டின் சாதனைக்கு ஒரு குப்பம் மட்டும் கட்டணம் கட்டக் கூடாது, இல்லையா?

தவானுக்குப் பறவைகள் மேல் தீராத காதல் இருந்தது. காற்றியல் கணக்குகளை வைத்து, பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று விரிவாக எழுதினார். அவர் பெயரிலுள்ள ஏவுதளத்துக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்கும். பூநாரை வந்தால் ஏரியில் இரை இருக்கிறது என்று அர்த்தம். பறவைக்கு இரை இருந்தால்தான் மீனவருக்கும் மீன்.

2002 ஜனவரி 3-ல் தவான் பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

சென்னையில் ஐ.ஐ.டி-யில் கடல்சார் பொறியியலுக்கென்று தனித் துறை இருக்கு. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கு. அண்ணா பல்கலைக்கழகம் இருக்கு. எல்லாமே பழவேற்காட்டுக்கு 2, 3 மணி நேரப் பயணம்தான். இவற்றில் ஒன்றில் படிக்கிறவரா நீங்க? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கீங்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப்பத்துக்கோ, லைட்ஹவுஸ் குப்பத்துக்கோ போங்க. கையில பதிலோட போகாதீங்க. வலை சரிபார்த்துட்டு இருக்கிற அண்ணன்கிட்டயும், இறால் கூடையோட கரையேறுற அக்காகிட்டயும் உங்களுக்கு என்ன தெரியணும்னு கேளுங்க. அவங்க சொல்ற முதல் பிரச்னையையே தலைப்பா எழுதுங்க.